உப்பில்லாப் பத்தியம்

உப்பை நிறுத்தியதில்தான் எல்லாம் கெட்டது. அன்று காலை அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் கை ஆடுகிறது என்பது. நாக்கு தடித்துப் போயிருந்தது. கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்கு என்ன வந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிழவன் மாத்திரையைத் துப்புகிறான். மகன் குற்றாலநாதன் பேங்குக்குப் போகிற உடுப்போடு எனக்கு முன்னால் நின்றான். என் உள்ளங்கையை விரித்து மாத்திரையை வைத்தான். வழக்கமாக ஒன்று. நேற்றிலிருந்து இரண்டு. "விட்டதுக்கும் சேத்து ரெண்டு. என் கண்ணு முன்னால போடுங்க" என்றான். யார் விட்டது? நான் விடவில்லை. காலை ஒன்று, ராத்திரி ஒன்று, போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்னேன். "அப்ப கை ஏன் ஆடுது?" என்றான். கை ஆடுகிறது. கையைத்தான் கேட்க வேண்டும். முந்தியெல்லாம் துப்பினது உண்டு. கடைவாயில் ஒதுக்கி வைத்து, தண்ணீர் குடித்து, வாய் திறந்து காட்டி, அவன் தலை மறைந்ததும் ஜன்னல் வழியாக வேப்பமரத்தில் துப்பினேன். என் வாய், என் மாத்திரை. மாத்திரை போட்டால் தலைக்குள் ஈரச்சாக்கை விரித்த மாதிரி இருக்கும். பஸ் சத்தம்கூடத் தூரத்தில் கேட்கும். யாருக்குப் பிடிக்கும்? அதெல்லாம் என் பெண்டாட்டி இருந்த காலம். அவள் போன பிறகு ஒருநாள்கூடத் துப்பவில்லை. ஏன் என்று இவனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கேட்கவும் மாட்டான். அவனுக்கு வேண்டியது என் உள்நாக்கு. "ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம்." செல்போன் விளக்கைப் போட்டுப் பார்ப்பான், கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவன் மாதிரி. அப்பன் வாய்க்குள் டார்ச் அடிக்கிறான். இவனைப் படிக்கவைத்தது இதற்குத்தான்.

நான் பஸ்ஸில் செக்கராக இருந்தவன். ரோட்டில் கையைக் காட்டி நிறுத்தி, பின்வாசல் வழியாக ஏறி, ஒவ்வொரு ஆளாக டிக்கெட்டைக் கேட்பது வேலை. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்வேன். தூங்குகிற மாதிரி நடிப்பான். சட்டைப்பை, வேட்டி மடிப்பு, டிபன் கேரியர் என்று தேடிக்கொண்டே இருப்பான், அடுத்த நிறுத்தம் வருகிற வரைக்கும். "இப்பத்தான் வாங்கினேன் சார், கண்டக்டர்ட்டயே கேளுங்க." எல்லாவனும் இதைத்தான் சொல்வான். இன்றைக்கு நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்பத்தான் போட்டேன். அவளையே கேளுங்க. மருமகள் சுகந்தி அடுப்படி வாசலில் நின்றாள், கரண்டியோடு. "நான் மாத்திரையைக் குடுத்தேன். முழுங்கினாகளா இல்லையான்னு வயித்துக்குள்ள போயா பாக்க முடியும்?" என்றாள். சரியான கண்டக்டர். தூத்துக்குடி வண்டியில் ஒருத்தன். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள்பை. டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது என்றான். இறக்கிவிட்டேன். வெயில். ரோட்டோரத்தில் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக்கூட ஆட்டவில்லை, திட்டவும் இல்லை. அவன் முகம் இப்போது எதற்கு வருகிறது? எத்தனை ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருக்கிறேன். இவன் ஒருத்தன் மட்டும் எதற்கு வந்து நிற்கிறான், சனியன். நான் செய்தது சரி. டிக்கெட் இல்லை என்றால் இல்லை. பறந்துவிட்டது என்பதற்கு யார் சாட்சி? காற்றா? போ. போய்த் தொலை. உள்ளங்கையில் மாத்திரை அப்படியே இருந்தது. இரண்டும் வெள்ளை. நடுவில் ஒரு கோடு. கை ஆட்டத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று முட்டின.

போட்டேனா?

நேற்று ராத்திரி போட்டது நினைவிருக்கிறது. தண்ணீர் சட்டையில் கொட்டியது. அது நேற்றா? சட்டையில் கொட்டுவது தினமும்தான். முந்தாநாள் ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் வாங்கினேன். வாங்கினேன், வாயில் போட்டேனா? கட்டிலுக்கடியில் உருண்டதா? இவன் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வருகிறது. இதுதான் இவர்கள் செய்கிற வேலை. பத்துப் பேர் சேர்ந்து ஒருத்தனைக் கள்ளன் கள்ளன் என்றால் அவன் தன் மடியையே தடவிப் பார்ப்பான். இல்லை, போட்டேன். வாய் கசந்தது. தகரத்தை நக்கிய மாதிரி ஒரு ருசி, அது எப்போதும் வரும். நேற்றும் வந்தது. வந்ததா? இப்போதெல்லாம் வாயில் எதற்கும் ருசி இல்லை. சோறும் ஒன்று, சுண்ணாம்பும் ஒன்று. முட்டுவலிக்கு என்று ஊருக்கு வெளியே ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனான். லேகியம் கொடுத்தார். ஒரு மண்டலம் உப்பில்லாப் பத்தியம் என்றார். கல் உப்பு, தூள் உப்பு, ஊறுகாய், அப்பளம் ஒன்றும் கூடாது. புளி பாதி. "வேற இங்கிலீஷ் மருந்து ஏதும் சாப்பிடுதாகளா?" என்று அந்த மனுஷன் கேட்டார். ஒழுங்காகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். குற்றாலநாதன் முந்திக்கொண்டான். "சுகருக்கு ஒரு மாத்திரை." எனக்குச் சுகர் கிடையாது. எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆனால் இந்த வீட்டில் இதற்குப் பெயர் சுகர் மாத்திரை. வேலைக்காரிக்கு, எதிர்வீட்டுக்காரனுக்கு, சுகந்தியின் அம்மாவுக்கு, எல்லாருக்கும் நான் சுகர்க்காரன். தீபாவளிக்கு அல்வா வந்தால் என் பங்கை எனக்கு முன்னாலேயே இன்னொருத்தன் தின்பான், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொய்யைச் சொன்னது இவன், அல்வா போனது எனக்கு. மனநல டாக்டரிடமும் லேகியத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நாட்டு மருந்து என்றால் வைவார் என்று பயம். இவரிடம் அதைச் சொல்ல வெட்கம், அவரிடம் இதைச் சொல்லப் பயம். நடுவில் கிடந்தது என் உடம்பு. பத்தியத்தை மட்டும் சுகந்தி விரதம் மாதிரி நடத்தினாள். எனக்குத் தனி மாவு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. உப்புக் கரண்டி என் குழம்பில் பட்டுவிட்டது என்று ஒருநாள் முழுக்குழம்பையும் கொட்டினாள். நல்லதுக்குத்தான் செய்தாள். அதுதான் எரிச்சல். கெட்டதுக்குச் செய்தால் வையலாம்.

"அப்பா, எனக்கு நேரமாகுது." அவன் குரல் தூரத்தில் கேட்டது. "போடலேன்னா சொல்லிருங்க. சாயங்காலம் லீவ் சொல்லிட்டு வாரேன். கூட்டிட்டுப் போயிச் சேத்துருதேன். ஒரேயடியா அங்கயே இருங்க, அவங்க போட வைப்பாங்க." சேத்துருதேன். சரக்கு ஆபீஸில் மூட்டை சேர்க்கிற மாதிரி. அந்த மனநல ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே பினாயில் வாடை. முன்பு ஒரு தடவை என்னைக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டியவன் என்னோடு பேசாமல் கயிறோடு பேசினான், "இரு, இரு, இந்தா ஆச்சு" என்று. அங்கே போனால் இந்த உடம்போடு திரும்பி வரமாட்டேன். ஆகவே போட்டுவிடலாம். இரண்டுதானே. முழுங்கிவிட்டு ஆ காட்டினால் போய்விடுவான். ஆனால் நேற்றும் இரண்டு கொடுத்தான், காலையில். போட்டேன், அவனுக்கு முன்னால்தான். அதற்குப் பிறகுதான் தரை சாய ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. வாந்தி. இது வேறு என்னமோ. என் நோய் எனக்குத் தெரியும். அது வருகிறபோது இப்படி வராது. அது ராஜா மாதிரி வரும். தூக்கம் தேவைப்படாது, பசிக்காது, ஊர்ப்பட்ட பேச்சு வரும், எல்லாவனும் எறும்பு மாதிரித் தெரிவான். இல்லாவிட்டால் மறுபக்கமாக வரும், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பேன், கண்ணை மூடுவதுகூட ஒரு வேலையாக இருக்கும். இந்த இரண்டுதான் என் சொத்து. கை ஆடுவதும் வாய் குழறுவதும் என்னுடையது இல்லை. வெளியிலிருந்து எவனோ உள்ளே ஏறியிருக்கிறான், டிக்கெட் இல்லாமல். சொல்லிப் பார்த்தேன். "இது அது இல்லலே." நாக்கு புரளவில்லை. ழழழ என்று என்னமோ வந்தது. மகன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்தாள். பார்த்தாயா, பேச்சே மாறிவிட்டது என்று அர்த்தம். இனி நான் என்ன சொன்னாலும் அது எனக்கு எதிராகத்தான் போகும். நான் தம்ளரை எடுத்தேன். பல்லில் இடித்துச் சத்தம் வந்தது. பாதித் தண்ணீர் மடியில், மாத்திரை இன்னும் கையில்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. சுகந்தி கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், யார் என்று தெரியாமலேயே. என் முதுகு வாசல் பக்கம். ஆனால் அந்த மூச்சு தெரிந்தது, மாடி ஏறி வந்து வாயால் விடுகிற மூச்சு. என் தங்கை. அவள் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று நானே உத்தரவு போட்டிருந்தேன். அவள் மகள் கல்யாணத்தில் நடந்ததுதான் காரணம். அப்போது எனக்கு ராஜா வந்திருந்தார். பத்து நாளாகத் தூக்கம் இல்லை, அத்தனை தெம்பு. காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் இலை இலையாக டிக்கெட் கேட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன். "இறங்கும்வே, அடுத்த ஸ்டாப்புல இறங்கும்." சிரித்தார்கள் முதலில். பிறகு சிரிக்கவில்லை. தங்கையின் புருஷன் வந்தான். "இந்தக் கோட்டிக்காரன வெளிய தள்ளுங்கலே." தள்ளினார்கள். செருப்பு உள்ளேயே கிடந்தது. அவள் பட்டுச்சேலையில் தூணோரம் நின்றாள். பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அண்ணன் என்று சொல்லவில்லை, விடுங்கள் என்று சொல்லவில்லை. நான் கோட்டிக்காரன், பைத்தியம், சரி. அவள் ஊமையா? அன்றைக்கு விட்டது உறவு. புருஷன் செத்ததற்கும் நான் போகவில்லை. போக மாட்டேன் என்றேன், போகவில்லை. இப்போது எதற்கு வந்தாள்?

"பத்திரிக வைக்க வந்தேன்" என்று தட்டை டீப்பாயில் வைத்தாள். வெற்றிலை, பழம், மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. "பேத்திக்குக் கல்யாணம். யார் மூலமாவும் குடுத்துவிட்டா நீ கிழிச்சிருவ. அதான் நானே வந்தேன். கிழிக்கணும்னா என் முன்னாலயே கிழி." பேசினால் ழழழ என்று வரும். அவளுக்கு முன்னால் வேண்டாம். அவள் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள். "என்னண்ணே, தாளம் போடுத?" என்றாள். குற்றாலநாதன், "ஒண்ணுமில்ல அத்தை, சுகர் கொஞ்சம்" என்று இழுத்தான். "அப்படியா" என்றாள். கண் என் உள்ளங்கையில் இருந்த மாத்திரைக்கு வந்தது. அங்கேயே நின்றது. சுகந்தி, "ஒரு வாய் சாப்பிடுங்க, இட்லி சூடா இருக்கு" என்றாள். பத்திரிகை வைக்கிற வீட்டில் வாய் நனைக்காமல் போகக் கூடாது. "எனக்குன்னு தனியா வைக்காத தாயீ. இவன் தட்டுல ஒரு துண்டு போதும். இவன் தட்டுல பிடுங்கித் தின்னு வளந்தவதான நான்." கேட்காமலே, டீப்பாயில் நான் தொடாமல் வைத்திருந்த தட்டை இழுத்தாள். என் இட்லியைப் பிட்டாள். என் சட்னியில் தோய்த்தாள். சின்ன வயசிலும் இதேதான், கேட்கிற வழக்கம் கிடையாது. வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"உப்பு எங்க?"

"அது மாமாவுக்குத் தனி" என்றாள் சுகந்தி, கொஞ்சம் பெருமையாகவே. "முட்டுவலிக்கு உப்பில்லாப் பத்தியம். சுத்தமா, ஒரு கல்லு சேக்கல." "எம்புட்டு நாளா?" "இந்த லேகியம் ஆரம்பிச்சதுல இருந்தே." அவள் எச்சிலோடு எழுந்தாள். என் கையைப் பிடித்தாள். நான் இழுத்தேன். விடவில்லை. விரலைப் பிரித்து இரண்டு மாத்திரையையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "வயித்தால போகுதா? வாந்தியா? நடந்தா தள்ளுதா?" ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. இத்தனை நாளில் போட்டாயா என்று கேட்காமல் என்ன செய்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவள். "அத்தை, அவர் மாத்திரையத் துப்பிருதாரு, அதான்..." என்றான் மகன். "துப்பினாரா? துப்பியிருந்தா உங்கப்பன் நல்லாருந்திருப்பான்லே. போட்டதாலதான் ஆடுதான். லித்தியத்துக்கு உப்ப நிறுத்தலாமாலே? இந்த மாத்திரையும் ஒரு உப்புதான். சோத்து உப்பு உள்ள போகலேன்னா உடம்பு இதப் பிடிச்சு வச்சுக்கிடும், வெளிய விடாது. ஏறிக்கிட்டே போகும். நீ அதுக்கு மேல ரெண்டு ரெண்டாக் குடுக்க. படிச்சவன்தான நீ? கொன்னுருப்பலே." லித்தியம். அந்தச் சொல்லை இந்த வீட்டில் சத்தமாக யாரும் சொன்னதில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மகன் எட்டிப் போய் எங்கள் கதவைச் சாத்தினான். "அத்தை, மெதுவா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டை, பஸ் சில்லறை, விபூதிப் பொட்டலம். அடியிலிருந்து ஒரு அட்டை. அதே வெள்ளை, நடுவில் அதே கோடு. மூன்று குழி காலி. "நாப்பத்தாறு வருசமாப் போடுதேன்" என்றாள், இட்லிக்கு உப்பில்லை என்ற அதே குரலில். "மூத்தவ பிறந்ததுல இருந்து. புருசன் வீட்ல ஊருக்கு ரத்தசோகை மாத்திரைன்னு சொல்லி வச்சிருந்தாக. சஷ்டிக்கு ஆறு நாளும் உப்பில்லாமப் பாலும் பழமுமா இருந்து விழுந்தேன். வாய் கோணிட்டு. அப்பத்தான் டாக்டரம்மா ஏசிச் சொல்லிச்சு." பிறகு என்னைப் பார்த்தாள், முதல் தடவையாக முகத்துக்கு நேராக. "அன்னைக்கு மண்டபத்துல வாயத் தொறந்தா, இவளும் அந்தப் பிறப்புதானேன்னு மாப்ள வீட்டுக்காரங்க என்னையும் சேத்துத் தள்ளியிருப்பாகண்ணே. என் பிள்ளை கழுத்துல தாலி ஏறல அப்ப. அதான் நின்னேன். நீ மன்னிக்க வேண்டாம். மன்னிச்சா நல்லாவும் இருக்காது, உனக்கு." ரத்தசோகை. நான் சுகர், அவள் ரத்தசோகை. எனக்குச் சிரிப்பு வந்தது, இருமலாகப் போனது. அத்தனை வருஷம் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். இந்த வம்சத்தில் எனக்கு மட்டும் விழுந்தது என்று. இவள் பாட்டுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. மூதி. சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மண்டபத்தில் அதையும் சேர்த்துக் கத்தியிருப்பேன். கோபம் போகவில்லை. ஆனால் எதன்மேல் வைப்பது என்று தெரியாமல் சும்மா நின்றது.

"டாக்டருக்குப் போனப் போடு. இப்பவே" என்றாள். குற்றாலநாதன் போட்டான். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினான், பார்த்தேன், நல்லா அழுத்தட்டும். சுகந்தி வாசல்படியோரம் உட்கார்ந்து, "நல்லதுன்னுதானே செஞ்சேன், மாமா, நல்லதுன்னுதானே" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். "அழாதட்டி. போயி அவன் மாத்துவேட்டி ரெண்டு எடுத்து வை" என்றாள் தங்கை. போனை மகன் ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். மகன் உப்பு, லேகியம் எல்லாம் சொன்னான், டாக்டர் கேள்வியாகக் கேட்டார். கடைசியில் அவர் குரல் மாறியது. "ஒரு மாத்திரைகூடக் குடுக்காதீங்க. இப்பவே நேரா எமர்ஜென்சிக்குக் கொண்டு வாங்க. ரத்தத்தில அளவு பாக்கணும், டிரிப் ஏத்தணும். இன்னொரு நாள் போயிருந்தா கிட்னியே போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "உப்புதான் காரணம்னு கரெக்டாச் சொல்றீங்களே. யார் சொன்னா? வேற டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

மகன் அத்தையைப் பார்த்தான். சாத்தின கதவைப் பார்த்தான். டீப்பாயில் இருந்த பத்திரிகையைப் பார்த்தான். "இல்ல சார்" என்றான். "ஒரு... தெரிஞ்சவங்க." தெரிஞ்சவங்க. அவள் மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தாள், பழகின கை. அடுத்த பெயர் தயாராகிவிட்டது அவளுக்கு. சுகர், ரத்தசோகை, தெரிஞ்சவங்க. எனக்கு வந்தது பார் கோபம். சுவரைப் பிடித்து எழுந்தேன். முட்டு வலித்தது, லேகியமாவது மண்ணாவது. "பேரைச் சொல்லுலே" என்றேன். அவன் போனைக் கையால் மூடினான். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நாக்கு மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. ஒரு எழுத்து சொல்ல, எச்சிலை விழுங்கி, அடுத்த எழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஹலோ ஹலோ என்றார். இரும்வே, வருது. இந்த வீட்டில் நான் தடைபோட்ட சொல், நானே எடுத்தாக வேண்டும். போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னேன், அவருக்கும் இவனுக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"என் தங்கச்சி. வடிவு."